டேமேஜ் துப்பாக்கியில இல்ல மச்சி!

டிஸ்கி: இது துப்பாக்கி சுடுற வீடியோ கேம் பத்தின பதிவு. கேம் விளையாடாதவங்களும் படிக்கலாம். கூட்டல், பெருக்கல் தெரிஞ்சா போதும். அதுவும் வேண்டாம்னா கடைசி பகுதியை மட்டும் படிச்சிட்டு எஸ்கேப் ஆகிடுங்க. :-)

போன மழைக்காலத்துல ஒரு நாள். ராத்திரி முழுக்க மழை. கணேசபுரம் சப்வேயில வழக்கம் போல தண்ணி. அந்தப் பக்கம் போறவன் இந்தப் பக்கம் வர முடியாது, காலேஜும் லீவு. சரி, நிம்மதியா தூங்கலாம்னு போர்வையை இழுத்தா கீழ் வீட்டு அக்கா கதவைத் தட்டினாங்க.

"தம்பி, நீ காமர்ஸ்தானே படிக்கிற? இந்த பேங்க் கணக்கைக் கொஞ்சம் பாரு. சீட்டு கட்ட வெச்சிருந்த காசுல 1,800 ரூபா காணோம்."

அக்கா ஏற்றுமதி கம்பெனியில தையல் வேலை. 1,800 ரூபா அவங்களுக்குச் சில்லறை கிடையாது. போனை வாங்கிப் பார்த்தேன். ரெண்டே நிமிஷத்துல விஷயம் விளங்கிடுச்சு. காசு எங்கேயும் திருடு போகலை. பத்தாவது படிக்கிற அவங்க பையன் ஒரு மொபைல் கேம்ல துப்பாக்கிக்கு 'ஸ்கின்' வாங்கியிருக்கான், மூணு தவணையில. துப்பாக்கி மேல மாட்டுற கலர் சட்டைதான் ஸ்கின், வேற ஒன்னுமில்ல.

அக்கா அடிக்கலை. அழுதாங்க. அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. பையன் சொன்ன ஒரே பதில் இதுதான்: "அண்ணா, அந்த கன்ல டேமேஜ் அதிகம்ணா. அது இல்லாம கிளாஸ் பசங்க கூட ஆடவே முடியலைண்ணா."

இந்தப் பதிவு அந்தப் பதிலுக்கான பதில். அவன் தப்பு பண்ணான்னு சொல்றது சுலபம். அவன் நம்பின விஷயம் ஏன் தப்புன்னு கணக்குப் போட்டுக் காட்டினாத்தான் அடுத்த தடவை கை நிக்கும். என் கட்சி இதுதான்: ஒரு துப்பாக்கியோட சராசரி டேமேஜ்னு ஒன்னு கிடையாது. அந்தத் துப்பாக்கி உங்க கையில இருக்கும்போதுதான் சராசரின்னு ஒன்னு வருது. அந்தச் சராசரியை முக்கால்வாசி முடிவு பண்றது உங்க குறி.

பட்டியல்ல இருக்கிற நம்பர்

எல்லா கேம்லயும் துப்பாக்கி பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும். அந்தப் பையன் ஆடுற கேமோட உள்கணக்கு எனக்குத் தெரியாது. அதனால எனக்கு நல்லாத் தெரிஞ்ச, இந்த வகை கேமுக்கெல்லாம் பெரியப்பா மாதிரி இருக்கிற கவுன்டர் ஸ்ட்ரைக்கை எடுத்துக்கறேன். 2000-ல வெளிவந்தது, 2003-ல 1.6, 2012-ல சிஎஸ்கோ, 2023-ல சிஎஸ்2ன்னு இன்னைக்கும் ஓடுது. பிரவுசிங் சென்டர்ல நம்ம அண்ணன்மார்கள் மணிக்கணக்குல உட்கார்ந்து ஆடினது இதைத்தான். கீழே வர்ற நம்பர்கள் சிஎஸ்கோ காலத்துல இருந்து இருக்கிறவை.

ஏகே-47 துப்பாக்கியோட அடிப்படை டேமேஜ் 36. எம்4ஏ4-க்கு 33. ஆளுக்கு உயிர் 100. இதைப் பார்த்தா ஏகே கொஞ்சம் உசத்தி, அவ்வளவுதான்னு தோணும். ஆனா அந்த 36 எங்கே பட்டா 36?

நெஞ்சு, கைக்கு ஒரு மடங்கு. வயித்துக்கு ஒன்னேகால் மடங்கு. காலுக்கு முக்கால் மடங்கு. தலைக்கு நாலு மடங்கு. அதுக்கு மேல கவசம் வேற ஒரு பங்கைக் கழிச்சிடும். கவச உடையும் ஹெல்மெட்டும் போட்டவன் மேல ஏகே-யோட 77.5 சதவீதம்தான் இறங்கும், எம்4ஏ4-க்கு 70 சதவீதம்தான். காலுக்குக் கவசம் கிடையாது.

பெருக்கிப் பார்த்தா, கவசம் போட்ட ஆள் மேல, கிட்டத்துல நின்னு ஏகே-ல சுட்டா:

தலை – 111
வயிறு – 34
நெஞ்சு – 27
கால் – 26
காத்து – 0

கடைசி வரியைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. நான் சுடுற குண்டுல பாதி அந்தக் கடைசி வரிக்குத்தான் போகுது. :-(

அப்போ 36 என்கிற நம்பர் எங்கே போச்சு? அஞ்சு வரியிலயும் அது இல்லவே இல்லை. சரக்கு மேல ஒட்டியிருக்கிற விலைச்சீட்டு மாதிரி அது. கடைசியில நாம எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தள்ளுபடி, வரி, வண்டிக் கூலி எல்லாம் சேர்ந்துதான் முடிவாகும்.

ரெண்டு பேர், ரெண்டு துப்பாக்கி

இப்போ ரெண்டு பேரைக் கற்பனை பண்ணிக்குங்க. ஒருத்தன் நான் (கற்பனையே தேவையில்லை). இன்னொருத்தன் நல்ல ஆட்டக்காரன். ரெண்டு பேருக்கும் ஆளுக்கு நூறு குண்டு.

நான்: தலை 4, நெஞ்சு 30, வயிறு 8, கால் 8, காத்து 50.

அவன்: தலை 20, நெஞ்சு 25, வயிறு 5, கால் 2, காத்து 48.

கவனிங்க, ரெண்டு பேரும் கிட்டத்தட்ட பாதி குண்டை வீணடிக்கிறோம். ஆட்டம் முடிஞ்சதும் வர்ற 'அக்யூரஸி' சதவீதத்தைப் பார்த்தா எனக்கு 50, அவனுக்கு 52. அட, நானும் அவனும் ஒன்னுதான்னு காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

செகண்ட் இயர் பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ்ல வெயிட்டட் ஆவரேஜ்னு ஒன்னு நடத்துவாங்க, ஞாபகம் இருக்கா? நிறையிட்ட சராசரி. ஒவ்வொரு டேமேஜையும் அது எத்தனை தடவை பட்டதோ அதால பெருக்கி, கூட்டி, நூறால வகுக்கணும். அவ்வளவுதான்.

ஏகே-47, என் கையில: ஒரு குண்டுக்குச் சராசரி 17.3.
ஏகே-47, அவன் கையில: 31.2.

இப்போ துப்பாக்கியை மாத்துவோம். எம்4ஏ4-க்கு இதே கணக்குல தலை 92, வயிறு 28, நெஞ்சு 23, கால் 24.

எம்4ஏ4, என் கையில: 14.7.
எம்4ஏ4, அவன் கையில: 26.

இந்த நாலு நம்பரையும் கொஞ்ச நேரம் உத்துப் பாருங்க. மட்டமான துப்பாக்கியில இருந்து நல்ல துப்பாக்கிக்கு நான் மாறினா எனக்குக் கிடைக்கிற லாபம் 2.6. துப்பாக்கியை மாத்தாம கையை மாத்தினா கிடைக்கிற லாபம் கிட்டத்தட்ட 14. அவன் கையில இருக்கிற மட்டமான துப்பாக்கி, என் கையில இருக்கிற நல்ல துப்பாக்கியை விட ஒன்றரை மடங்கு அடிக்குது.

இதுல ஒரு நியாயமான கேள்வி வரும். துப்பாக்கியும் குறியும் அப்படி தனித்தனியா? இல்லைதான். ஏகே உதைக்கிற உதையில நாலாவது குண்டுக்கு மேல கட்டுப்படுத்தத் தெரியாதவன் கையில எம்4 கொஞ்சம் சாதுவா இருக்கும், நாலு குண்டு கூடுதலாப் படும். அதாவது துப்பாக்கி மாறினா நூறு குண்டு எங்கெங்க போகுது என்கிற கணக்கும் மாறும். அதனாலதான் 'பெஸ்ட் கன் எது?' என்கிற கேள்விக்குப் பொதுவா பதில் கிடையாது. 'உனக்கு பெஸ்ட் கன் எது?' என்பதுதான் கேள்வி.

அப்படின்னா எப்பவும் தலையைத்தான் பார்க்கணுமா?

இங்கேதான் நிறைய பசங்க அடுத்த தப்பைப் பண்றாங்க. ஹெட்ஷாட்டுக்கு நாலு மடங்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே தலையைத் தவிர வேற எதையும் பார்க்க மாட்டேன்னு சபதம் எடுத்துடறாங்க. நானும் எடுத்தேன். ஒரு வாரம் என் டீம்ல இருந்தவங்க என்னைத் திட்டின வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

தலை சின்னது. ஆள் ரெண்டு மடங்கு தூரம் போனா, திரையில தலையோட பரப்பு பாதி ஆகாது, கால்வாசி ஆகிடும். உயரமும் பாதி, அகலமும் பாதி, பெருக்கினா கால். அதோட, நெஞ்சைப் பார்த்துச் சுட்டுக் கொஞ்சம் மேலே தப்பினா கழுத்து, தலை. கீழே தப்பினா வயிறு. தப்பினாலும் ஏதோ கிடைக்கும். தலையைப் பார்த்துச் சுட்டு மேலே தப்பினா வானம், பக்கவாட்டுல தப்பினாலும் வானம்தான்.

அப்போ எவ்வளவு தப்பினாலும் தலையைப் பார்க்கிறது லாபம்? இதுக்குப் பேர்தான் நம்ம ஆளுங்க சொல்ற பிரேக்-ஈவன். பத்துக்கு ஆறு நெஞ்சுல படுற அளவுக்கு உங்களுக்குக் குறி இருக்குன்னு வைங்க. 27-ஐ 0.6-ஆல பெருக்கினா 16.2. தலைக்கு 111. 16.2-ஐ 111-ஆல வகுத்தா 0.146. அதாவது நூத்துக்குப் பதினஞ்சு தலையில பட்டா, மத்த எண்பத்தஞ்சும் காத்துல போனாலும், ரெண்டு வழியும் சராசரியில சமம்.

வெறும் பதினஞ்சுதானா? ஆமா. 'அப்போ தலையைப் பார்க்கிறதுதான் புத்திசாலித்தனம்'னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. சராசரிங்கிறது இங்கே நம்மை ஏமாத்துது.

சராசரி ஒன்னு, ரிஸ்க் வேற

ஒரு பக்கம்: நெஞ்சுல பத்துக்கு ஆறு படும், நாலு பட்டா ஆள் காலி (27 நாலு தடவை 108). இன்னொரு பக்கம்: தலையில நூத்துக்குப் பதினஞ்சு படும், ஒன்னு பட்டா ஆள் காலி. சராசரியில ரெண்டும் சமம்னு பார்த்தோம். இப்போ 'எத்தனை குண்டுக்குள்ள ஆள் விழுவான்?'னு கேளுங்க.

முதல் குண்டுலயே: தலை வழி 15 சதவீதம். நெஞ்சு வழி பூஜ்ஜியம்.
4 குண்டுக்குள்ள: தலை வழி 48 சதவீதம். நெஞ்சு வழி 13 சதவீதம்.
7 குண்டுக்குள்ள: தலை வழி 68. நெஞ்சு வழி 71.
12 குண்டுக்குள்ள: தலை வழி 86. நெஞ்சு வழி 98.

சராசரி ஒன்னாவே இருந்தும் கதை எப்படி மாறுது பாருங்க. சண்டை நாலு குண்டுல முடிஞ்சிடும்னா தலைதான். திடீர்னு முட்டுச் சந்துல எதிரும் புதிருமா மாட்டிக்கிட்டா யோசிக்கவே வேண்டாம். சண்டை பன்னிரண்டு குண்டு வரைக்கும் இழுக்கும்னா நெஞ்சுதான். அவன் உங்களைப் பார்க்கலை, நீங்க சுவர் மறைவுல இருக்கீங்க, மேகசின் நிறைய குண்டு இருக்குன்னா அவசரம் எதுக்கு? முதல் வழி லாட்டரி மாதிரி, ரெண்டாவது வழி பிக்சட் டெபாசிட் மாதிரி. வட்டி ஒன்னாவே இருந்தாலும் எதுல காசு போடறதுன்னு உங்க அவசரத்தைப் பொறுத்துதான் முடிவு பண்ணணும்.

நேரக் கணக்கும் இதையேதான் சொல்லுது. ஏகே நிமிஷத்துக்கு 600 குண்டு. ரெண்டு குண்டுக்கு நடுவுல 0.1 விநாடி. நாலு குண்டு நெஞ்சுல ஒன்னு விடாம பட்டாலே மூணு இடைவெளி, 0.3 விநாடி. மனுஷன் கண்ணால பார்த்துக் கையை அசைக்க கால் விநாடி போல ஆகும். அதாவது நாலு குண்டு நெஞ்சுல வாங்கறவன் திரும்பி ஒரு குண்டு விட நேரம் இருக்கு. தலையில ஒன்னு வாங்கினவனுக்கு இல்லை.

பிளஸ் ஒன் எகனாமிக்ஸ் சொல்லிக்கொடுத்த பாடம்

இன்னொரு விஷயம். தலைக்கு 111. ஆனா ஆளுக்கு இருக்கிறதே 100. மிச்சம் 11 வீண். சரி, அது பரவாயில்லை. அவன் உயிர் ஏற்கனவே 20-க்கு வந்துட்டா? அப்போ 111 அடிச்சாலும் உங்களுக்குக் கிடைக்கிறது 20தான். நெஞ்சுல 27 அடிச்சாலும் அதே 20தான். கால்ல பட்டாக்கூட விழுந்துடுவான்.

குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதின்னு மார்ஷல் பேர்ல படிச்சோமே, கிட்டத்தட்ட அதுதான். முதல் தோசைக்கு இருக்கிற ருசி அஞ்சாவது தோசைக்கு இருக்காது. முதல் குண்டுக்குத் தலையோட மதிப்பு முழுசு. ஆள் அடிவாங்க அடிவாங்க அந்த மதிப்பு இறங்கிக்கிட்டே வரும். செத்த பாம்பை அடிக்க ஹெட்ஷாட் எதுக்கு?

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா எனக்குக் கிடைச்ச விதி சின்னதுதான். நடக்கும்போதே குறியை ஆள் தலை உயரத்துல வெச்சுக்கிட்டு நட. தரையைப் பார்த்துக்கிட்டு நடக்காத. முதல் குண்டை நின்னு நிதானமா தலைக்கு விடு. தப்பிச்சா உடம்புக்கு இறங்கு. அடிபட்டு ஓடறவனைத் துரத்தும்போது தலையை மறந்துடு.

பையனோட 'டேமேஜ்' என்ன ஆச்சு?

இப்போ கீழ் வீட்டுப் பையன்கிட்ட வருவோம். கவுன்டர் ஸ்ட்ரைக்ல ஸ்கின் என்பது வெறும் அலங்காரம், ஒரு புள்ளி டேமேஜ்கூட ஏறாது. அவன் ஆடற கேம்ல எப்படின்னு அன்னைக்கே பார்த்துட்டோம். பயிற்சி மைதானத்துல நிக்கிற பொம்மையை முதல்ல ஸ்கின் போட்ட துப்பாக்கியில சுட்டோம், அப்புறம் போடாததுல சுட்டோம். தலை, நெஞ்சு, கால்னு ஒவ்வொன்னா எண்ணினோம். அவன் சத்தமா எண்ணினான், நான் பேப்பர்ல எழுதினேன். ரெண்டு பத்தியும் ஒன்னாவே வந்துச்சு. பையன் மூஞ்சி போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமா இருந்துச்சு.

எல்லா கேமும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிடணும். ஃப்ரீ ஃபயர் மாதிரி கேம்கள்ல துப்பாக்கி ஸ்கின்னுக்குச் சின்னச் சின்ன கூடுதல்கள் உண்டு, கூடவே சில குறைச்சல்களும் உண்டு. சரி, அப்படியே வெச்சுக்குவோம். காசு கொடுத்தா நம்ம ஏகே-க்குப் பத்து சதவீதம் டேமேஜ் ஏறுதுன்னு வைங்க. நெஞ்சுல 27 என்பது 30 ஆகும். நாலு குண்டுல விழுந்தவன் இப்போ எத்தனை குண்டுல விழுவான்? மூணு குண்டுக்கு 90. பத்தாது. அதே நாலுதான்! பத்து சதவீதம் ஏறியும் பைசா பிரயோஜனம் இல்லை. மூணு குண்டுல விழணும்னா நெஞ்சுல 34 அடிக்கணும், அது 22 சதவீதம் ஏறினாத்தான் நடக்கும். படிக்கட்டு மாதிரி இது. அரைப்படி ஏறிட்டு மேல் படியில நிக்கிறேன்னு சொல்ல முடியாது.

அதே படிக்கட்டு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். பப்ஜி வகை கேம்கள்ல ஹெல்மெட் லெவல் 1, 2, 3-ன்னு ஏற ஏற, தலையில விழற அடியில 30, 40, 55 சதவீதம் கழியும். லெவல் 2 ஹெல்மெட் போட்டவனை கார்98 தலையில ஒரே குண்டுல சாய்ச்சிடும். லெவல் 3 போட்டவன் தப்பிச்சிடுவான். அவனைச் சாய்க்க ஏடபிள்யூஎம் வேணும். அங்கே துப்பாக்கிக்கு உண்மையாவே மரியாதை இருக்கு, ஏன்னா அது ஒரு படியைத் தாண்டுது. ஆனா அந்த ஏடபிள்யூஎம் வானத்துல இருந்து விழற பெட்டியில கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கறது இல்லை. அதுவும் தலையில பட்டாத்தான். காத்துல பட்டா அதுக்கும் பூஜ்ஜியம்தான்.

'எல்லாம் கையிலதான் இருக்குன்னு சொல்றியே, பத்தாயிர ரூபா போன்ல ஆடிப் பாரு'ன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான், இதை நான் மறைக்க மாட்டேன். திரை விநாடிக்கு 60 படம் காட்டினா ஒவ்வொரு படத்துக்கும் 17 மில்லி விநாடி. 30 படம்தான் காட்டும்னா 33. குறி வைக்கிற ஆள் அங்கே நகர்ந்து முடிச்ச பிறகுதான் உங்க திரையில நகர்வான். நெட் திணறினா இன்னும் மோசம். அதனால குறி என்பது முழுக்க உழைப்பு மட்டும் இல்லை, கொஞ்சம் காசும்தான். ஆனா அந்தக் காசு போகவேண்டிய இடம் போனும் நெட்டும். துப்பாக்கிக்குப் போடற சட்டை இல்லை. மட்டமான போன் வெச்சிருக்கிறவனுக்கும் மேலே சொன்ன கணக்கே வழி சொல்லுது: உன் தலை வழி பதினஞ்சு சதவீதத்துக்குக் கீழே இருந்தா, மறைவுல நின்னு உடம்பைப் பார்த்து நிதானமா அடி.

இன்னொன்னு. 2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைலைத் தடை பண்ணாங்க. 2021 ஜூலையில பிஜிஎம்ஐ வந்துச்சு. 2022 ஜூலையில அதையும் ஆப் கடைகள்ல இருந்து எடுத்தாங்க, 2023 மே மாசம்தான் திரும்ப வந்துச்சு. நாளைக்கு இருக்குமான்னு யாரும் உத்தரவாதம் தராத ஒரு இடத்துல நீங்க வாங்கின பொருளை எந்த பேலன்ஸ் ஷீட்ல சொத்துன்னு எழுதுவீங்க? ஆனா பழக்கப்பட்ட கையை யாரும் தடை பண்ண முடியாது. ஒரு கேம் போனா அடுத்த கேமுக்கு அது கூடவே வரும்.

நம்ம ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லணுமா?

எனக்கு ஆச்சரியம் என்னன்னா, இதையெல்லாம் வியாசர்பாடிக்காரனுக்கு யாரும் புதுசா சொல்லித்தர வேண்டியதே இல்லை. சாயங்காலம் தெரு விளக்கு எரிஞ்சதும் கேரம் போர்டைச் சுத்தி நிக்கிற கூட்டத்தைப் பாருங்க. புதுசா ஆட வர்றவன் ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடிப்பான். சத்தம் பிரமாதமா இருக்கும், காய் நாலு பக்கமும் சிதறும், பாக்கெட்ல ஒன்னும் விழாது. பக்கத்துல ஒரு பெருசு, விரலால மெல்லத் தட்டி, காயை மூலையில இருந்து உருட்டி உள்ளே இறக்குவார். அவர் கையில இருக்கிறதும் அதே ஸ்ட்ரைக்கர்தான்.

சென்னைக்காரர் மரிய இருதயம் ரெண்டு தடவை உலக சாம்பியன், 1996-க்கான அர்ஜுனா விருது வாங்கினவர். 2008-ல பிரான்ஸ் நாட்டு கான் நகரத்துல உலகப் பட்டம் ஜெயிச்ச இளவழகி நம்ம வியாசர்பாடி. 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா பக்கத்துல புதுவண்ணாரப்பேட்டை, ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு. இவங்க யாரும் விலை உசந்த ஸ்ட்ரைக்கர் வாங்கினதால ஜெயிக்கலை. கேரம் போர்டுல இது நமக்கு ரத்தத்திலேயே தெரியுது. கையில போனைக் கொடுத்ததும் எப்படி மறந்து போகுதுன்னுதான் எனக்குப் புரியலை.

ஸ்கின் வாங்கறதே பாவம்னு நான் சொல்ல வரலை. அழகா இருக்குன்னு வாங்கறது வேற. நேரம் பார்க்க நூறு ரூபா வாட்ச் போதும், இருந்தாலும் நல்ல வாட்ச் கட்டிக்கிட்டா ஒரு சந்தோஷம் இருக்கு இல்லையா? சொந்தமா சம்பாதிச்ச காசுல வாங்கு, யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா அழகுக்கு வாங்கினதை ஆட்டத்துக்கு வாங்கினதா நினைச்சுக்காதே. அதுவும் அம்மா சீட்டுக் காசுல.

அந்த மாசச் சீட்டுக்கு அக்கா நகைக்கடைப் பக்கம் போகாம எப்படியோ சமாளிச்சாங்க. கைமாத்து வாங்கியிருப்பாங்கன்னு நினைக்கிறேன். கேட்கலை. பையன் லீவு நாள்ல பக்கத்து ஜெராக்ஸ் கடையில உட்கார்ந்து அம்பது, நூறுன்னு திருப்பிக் கொடுத்துக்கிட்டிருக்கான். இன்னும் அறுநூறு பாக்கி. தினமும் படிப்பு முடிஞ்சதும் அரை மணி நேரம் ஆட அக்கா அனுமதி கொடுத்திருக்காங்க, என் எதிர்ல உட்கார்ந்து ஆடணும் என்கிற கண்டிஷனோட. அதுல முதல் பத்து நிமிஷம் பயிற்சி மைதானம். தலைக்கு எத்தனை, நெஞ்சுக்கு எத்தனை, காத்துக்கு எத்தனைன்னு ஒரு பழைய நோட்டுல எழுதறான். முதல் வாரம் நூத்துக்கு மூணு தலை. போன வாரம் பதினொன்னு.

பிரேக்-ஈவனுக்கு இன்னும் நாலு பாக்கிடான்னு சொன்னேன். பையன் நோட்டை மூடிட்டுச் சொன்னான்: "நாலு வந்துடும்ணா. அறுநூறுதான் லேட் ஆகும்."